பனி என்றால் எந்தப் பனி? இமயமலை ஆபத்துகளைக் குளத்துக்கரையில் நின்று பார்த்தால்

மார்கழிக் காலையில் அம்பாசமுத்திரம் பக்கம் பைக்கில் போகிறவர்கள் எல்லாம் காதை மூடி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு "என்னா பனி, என்னா பனி" என்று புலம்புவதைப் பார்த்தால் என் சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த மனுஷன், வடக்கே மலையில் சில குளிர்காலங்களைக் கழித்தவர். "ஏல, இது பனியால? வரப்புல நடந்தா காலு நனையுது, அம்புட்டுத்தான். அங்கன பனி பெஞ்சா காலைல கதவு தொறக்காது, மம்முட்டிய வச்சு வெட்டித்தான் வெளிய வரணும்" என்பார்.

அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. நமக்குப் பனி என்பது ஒரே சொல். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, தாமிரபரணி மேல் விடிகாலையில் புகை மாதிரி நிற்பதும் பனி, ஊட்டியில் ஜனவரி மாசம் புல்வெளியை வெள்ளையாக்குவதும் பனி, இமயமலையில் வீட்டளவு உயரத்துக்குக் குவிவதும் பனி, ஆயிரக்கணக்கான வருஷம் இறுகி மலையிடுக்கில் ஆறு மாதிரி மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பிரம்மாண்டமான ஐஸ்கட்டியும், அதாவது பனியாறும், பனிதான். அதனால் செய்தி வரும்போது எல்லாமே ஒரே வாக்கியத்தில் அடங்கிப்போகிறது: "பனிப்பாறை உடைந்து விபத்து." எது உடைந்தது, எங்கிருந்து வந்தது, என்ன விழுந்தது, யாருக்கும் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் என் அத்தை. எங்கள் தெருவில் இருந்து ஒரு குழு வைகாசியில் பத்ரிநாத், கேதார்நாத் போக ஏற்பாடு செய்கிறது, அத்தையும் பேர் கொடுத்திருக்கிறாள். பேர் கொடுத்த அன்று ராத்திரியே வாட்ஸப்பில் யாரோ ஒரு வீடியோ அனுப்பிவிட்டார்கள், மலை முழுக்கப் புகையாகச் சரிந்து வருகிற வீடியோ. "ஏய்யா, அங்க ஐஸ் மலை இடிஞ்சு விழுதாமே, நெசமா?" என்று கேட்டாள். நெசம்தான், ஆனால் எந்த ஐஸ், எந்த மாசம், எந்த இடம் என்று பிரித்துச் சொன்னால்தான் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட முடியும். குளமும் மறுகாலும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதுதான் வேடிக்கை.

முதலில் பனிச்சரிவு. பெய்த பனி சரிவில் நிற்க முடியாமல் இறங்குவது. கேட்க எளிது, ஆனால் ஏன் நேற்று வரைக்கும் நின்றது இன்றைக்கு இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருக்காது. நவம்பரில் பெய்தது ஒரு அடுக்கு, அதன்மேல் வெயில் பட்டு இறுகிய ஓடு ஒரு அடுக்கு, டிசம்பரில் பெய்தது, காற்று அள்ளிக்கொண்டு வந்து போட்டது என்று பாய் மேல் பாய் விரித்த மாதிரி இருக்கும். இதில் ஆபத்து அடிப்பாயில் இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் பனி மெலிசாகக் கிடக்கும்போது தரை ஓரளவு சூடாகவும் மேலே காற்று கடுங்குளிராகவும் இருந்தால், அடியில் இருக்கும் பனி ஆவியாகி மேலேறி மறுபடி உறையும். உறைந்து வருவது பஞ்சு மாதிரி இருக்காது, சீனி மாதிரி, கற்கண்டுப் பொடி மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒட்டாத, முனையும் பட்டையுமான குருணையாக இருக்கும். தரையில் கேப்பையைக் கொட்டி அதன்மேல் பலகையைப் போட்டு, பலகையைச் சாய்த்தால் என்ன ஆகும்? அதேதான். மேலே புதுப் பனி விழ விழப் பாரம் ஏறும், அடியில் குருணை அடுக்கு தாங்கிக்கொண்டே இருக்கும், ஏதோ ஒரு நிமிஷத்தில் ஒரு இடத்தில் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் இருந்து விரிசல் கண்ணாடியில் ஓடுகிற மாதிரி சரிவு முழுக்க ஓடி, மேல் அடுக்கு அப்படியே பாளமாகக் கழன்று இறங்கும்.

சரிவின் சாய்வும் முக்கியம். 30 டிகிரிக்குக் குறைந்தால் பெரும்பாலும் நிற்கும். 45-க்கு மேல் போகப் போகப் பனி பெரிசாகச் சேராது, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். இடைப்பட்டதுதான் வில்லங்கம், செங்குத்தாகவும் தெரியாது, சமமாகவும் தெரியாது, பார்க்க நடந்துபோகலாம் போல இருக்கும். சினிமாவில் காட்டுகிற மாதிரி யாரோ கத்தினால் சரிவு வராது, மனுஷக் குரலுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் மனுஷன் கால் வைத்தால் வரும். சறுக்கு விளையாடப் போகிறவர்களும் மலையேறுகிறவர்களும் மாட்டுகிற சரிவுகளில் பத்தில் ஒன்பதைத் தொடங்கி வைப்பது அவர்களோ அவர்கள் கூட்டத்தில் ஒருவரோதான். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா என்ற சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர்கள் மேல் இப்படி ஒரு பாளம் கழன்று 27 பேர் இறந்தார்கள். போனவர்கள் விவரம் தெரியாத சுற்றுலாப் பயணிகள் இல்லை, நாட்டின் பேர் பெற்ற மலையேற்றப் பள்ளி ஒன்றின் மாணவர்களும் பயிற்றுநர்களும்.

பனி பஞ்சு மாதிரிதானே, விழுந்தால் என்ன என்று தோன்றும். புதுசாகப் பெய்த பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோகூட இருக்காது, சரிதான். ஆனால் மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு, அரைபட்டு வந்து நிற்கும்போது அது நானூறு கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. 25 கிலோ அரிசிச் சிப்பம் பதினாறை ஒருவன் மேல் அடுக்கின மாதிரி, அதுவும் ஒரே ஒரு கன மீட்டருக்கு. நின்ற கையோடு சிமெண்ட் மாதிரி இறுகியும்விடும், உள்ளே இருப்பவன் விரலை அசைக்க முடியாது. புதைந்தவனை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு, அரை மணி நேரம் தாண்டினால் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாக விழுந்துவிடும். குளிரால் சாவதற்கு முன்னாலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகிறார்கள். முகத்துக்கு முன்னால் விடும் மூச்சே உறைந்து ஐஸ் ஓடாகிக் காற்றை அடைத்துவிடுகிறது. அதனால்தான் அந்த மலைகளில் வெளியில் இருந்து வரும் மீட்புக் குழுவை நம்பிப் பிரயோஜனம் இல்லை, பக்கத்தில் இருப்பவன் கையில் மம்முட்டியும் குத்திப் பார்க்கக் கம்பியும் உடம்பில் சிக்னல் அனுப்பும் கருவியும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இந்தக் கணக்கை மீறிய கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2016 பிப்ரவரி 3, சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற காவல் நிலை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் அங்கே இருந்தார்கள், அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர். பெரிய பனிச்சுவர் ஒன்று இடிந்து கூடாரங்களை மூடியது. ஆறாம் நாள் 25 அடிக்கும் கீழே இருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார், 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த ஒரு வாரம் எங்கள் ஊரில் டீக்கடை டிவியை யாரும் சேனல் மாற்றவிடவில்லை. சித்தப்பா மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. ஆறு நாள் எப்படிப் பிழைத்தார் என்று அப்புறம் ஒரு நாள் கேட்டேன். "கூடாரத்துக்குள்ள காத்து கொஞ்சம் மாட்டிக்கிட்டு நின்னுருக்கும். வேற ஒண்ணும் இல்ல" என்று முடித்துக்கொண்டார்.

அந்தக் காற்றுப் பொந்து விஷயம் அப்புறமும் பார்த்தோம். 2025 பிப்ரவரி 28 விடிகாலை, பத்ரிநாத்துக்கு 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாணா கிராமத்தில் எல்லைச் சாலை வேலைக்காரர்கள் தங்கியிருந்த முகாம் மேல் சரிவு விழுந்தது. சிக்கிய 54 பேரில் 46 பேர் உயிரோடு வந்தார்கள், 8 பேர் இறந்தார்கள். பலரைக் காப்பாற்றியது அவர்கள் படுத்திருந்த இரும்புக் கண்டெய்னர். அது உருண்டது, நசுங்கியது, ஆனால் உள்ளே காற்று இருந்தது. வேலைக்குப் போகிறவனுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுப்பதா, கண்டெய்னர் கொடுப்பதா என்பது அங்கே செலவுக் கணக்கு மட்டும் இல்லை.

அத்தைக்கு இதில் எவ்வளவு சம்பந்தம்? அதிகம் இல்லை. பத்ரியும் கேதாரும் நடை திறப்பதே பெரும்பாலும் சித்திரையில்தான், பெரிய பனிச்சரிவுக் காலம் அதற்குள் ஏறக்குறைய முடிந்திருக்கும். மணாலியில் 1969-இல் இதற்கென்றே ஒரு ராணுவ ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள், இப்போது வேறு பேரில் சண்டிகரில் இருந்து இயங்குகிறது, எந்த மாவட்டத்தில் எவ்வளவு ஆபத்து என்று குளிர்காலம் முழுக்க அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். வாட்ஸப் வீடியோவைவிட அது உபயோகம்.

அவள் கவலைப்பட வேண்டியது இரண்டாவது வகையைப் பற்றி, மலைமேல் பனி உருகித் தேங்கின ஏரி உடைந்து வருகிற வெள்ளம். இங்கேதான் நம் ஊர் அறிவு கைகொடுக்கிறது.

ஒரு குளம் எப்படி இருக்கும்? கரை இருக்கும், மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கித் தலைமுறை தலைமுறையாக உயர்த்தின கரை. கரையில் வரிசையாகப் பனை நிற்கும், வேர் மண்ணைப் பிடிக்கட்டும் என்று. வயலுக்குத் தண்ணீர் விட மடை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மறுகால் இருக்கும், நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கல்லில் வழிந்து அடுத்த குளத்துக்குப் போக. மறுகால் பாயாமல் கரைக்கு மேல் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்கரை மேல் ஒரு சாண் தண்ணீர் வழிந்தால் போதும், அறுத்துக்கொண்டு போய்விடும். ஒரு குளம் உடைந்தால் அடுத்த குளம் அந்த வேகத்தைத் தாங்காது, அதுவும் உடையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தபோது, திருநெல்வேலி தூத்துக்குடி இரண்டு பக்கமும் குளம் குளமாக உடைந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, ஊர்கள் தீவாகிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

இப்போது இந்தக் குளத்தை 5,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மறுகாலை எடுத்துவிடுங்கள், மடையை எடுத்துவிடுங்கள், பனையை எடுத்துவிடுங்கள். கரையைக் கட்டினது யார்? யாரும் இல்லை. பனியாறு நகரும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வந்த கல்லும் சரளையும் மண்ணும் ஒரு மேடாகக் குவியும். பூமி சூடாகிப் பனியாறு பின்வாங்கும்போது அந்த மேட்டுக்கும் பனிக்கும் நடுவில் பள்ளம் விழும், உருகின தண்ணீர் அதில் தேங்கும். யாரும் இறுக்காத, யாரும் காவல் இல்லாத கரை. இன்னும் மோசம், அந்த மேட்டுக்குள்ளேயே பல இடங்களில் பழைய ஐஸ் புதைந்து கிடக்கும். அது உருக உருகக் கரை தானாகவே உட்காரும். நம் பொதுப்பணித்துறைக்காரர் யாராவது இப்படி ஒரு கரையைப் பார்த்தால் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டார்.

அந்தக் குளம் உடைய மழைகூட வேண்டாம். மேலே தொங்கிக்கொண்டிருக்கும் பனியோ பாறையோ ஒரு கட்டி ஏரிக்குள் விழுந்தால் போதும். தொட்டியில் குண்டானைப் போட்டால் தண்ணீர் எழும்பி வெளியே அடிக்கும் இல்லையா, அந்த அலை கரையைத் தாண்டும், தாண்டின இடத்தை அறுக்கும், அறுத்த வாய்க்கால் வழியாக மொத்த ஏரியும் இறங்கும். 2023 அக்டோபர் 3 ராத்திரி சிக்கிமில் நடந்தது இதேதான். தெற்கு லோனாக் ஏரி, ஏறக்குறைய 5,200 மீட்டர் உயரம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அது சின்னக் குட்டை, பனியாறு பின்வாங்கப் பின்வாங்க வளர்ந்து பெரிய ஏரியாகிவிட்டது. ஆபத்து என்று தெரியாமல் இல்லை, 2016-இல் பிளாஸ்டிக் குழாய்களைப் போட்டுத் தண்ணீரை வெளியே இழுத்தும் பார்த்தார்கள், ஏரி அளவுக்கு அது உறிஞ்சுகுழல் போட்டுக் குளத்தைக் குடிக்கிற கதை. அன்று ராத்திரி ஏரியின் பக்கவாட்டுச் சரிவு, உறைந்து கிடந்த மண்ணும் கல்லுமாக, சுமார் 1.5 கோடி கன மீட்டர், அப்படியே ஏரிக்குள் இறங்கியது. அலை எழுந்தது, கரை அறுந்தது, ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் தண்ணீர் வெளியேறியது. கணக்குப் புரியவில்லை என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பாபநாசம் அணை 143 அடியும் நிரம்பி நிற்கும்போது இருக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு, மலையுச்சியில் இருந்து, ராத்திரியில், சொல்லாமல் கொள்ளாமல்.

60 கிலோமீட்டருக்கு மேல் கீழே சுங்தாங் என்ற ஊரில் தீஸ்தா மூன்றாம் நீர்மின் திட்டத்தின் அணை இருந்தது. 1,200 மெகாவாட், 60 மீட்டர் உயரம், ஓடத் தொடங்கி ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. நள்ளிரவு வாக்கில் வெள்ளம் வந்து சேர்ந்தபோது ஷட்டரைத் திறக்க அவகாசம் கிடைக்கவில்லை. அணை போய்விட்டது. அணையில் தேங்கியிருந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டு கீழே இறங்கியது, மேல்குளம் உடைந்து கீழ்குளத்தையும் உடைத்த அதே கதை. 50 பேருக்கு மேல் உடலாகக் கிடைத்தார்கள், காணாமல் போனவர்கள் அதைவிட அதிகம். வண்டிகளோடு போன ராணுவ வீரர்களும் அதில் உண்டு.

கேதார்நாத் 2013-உம் இதில் சேர்ந்ததுதான், ஆனால் அங்கே மழை பெரிய குற்றவாளி. ஜூன் நடுவில் மூன்று நாள் விடாத மழை, அது பனி மேல் விழுந்து பனியையும் உருக்க, கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி நிரம்பியது. சின்ன ஏரிதான், அதற்கு நிலையான வடிகால் கிடையாது. மறுகால் இல்லாத குளம். 17-ஆம் தேதி காலையில் கரை உடைந்து சில நிமிஷத்தில் காலியானது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அந்த இரண்டு நாளில் போன உயிர்கள் ஆயிரக்கணக்கில். கோயில் மட்டும் நின்றது, பின்னால் ஒரு பெரிய பாறை வந்து உட்கார்ந்து தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிட்டது, அந்தப் பாறைக்கு இப்போது பீமசிலை என்று பூஜையே நடக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அந்தப் பாறை மேல் மரியாதை உண்டு, ஆனால் ஆற்றின் பழைய தடத்தில் நிரம்பியிருந்த லாட்ஜுகளுக்குப் பாறை எதுவும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

சரி, இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் நம் தாத்தாக்கள் கண்ட அதே வழி: மறுகால் வெட்டுவது. நேபாளத்தில் ட்சோ ரோல்பா ஏரியில் 2000-இல் கரையை வெட்டி வாய்க்கால் போட்டு 3 மீட்டர் தண்ணீரை இறக்கினார்கள். எவரெஸ்ட் பக்கம் இம்ஜா ஏரியில் 2016-இல் ராணுவத்தையே இறக்கி அதேபோலச் செய்தார்கள், 5,000 மீட்டர் உயரத்தில் நாலு மம்முட்டி வெட்டினால் மூச்சு வாங்கும் இடத்தில். பெரு நாடு இவர்களுக்கெல்லாம் மூத்தது. 1941-இல் பால்காகோச்சா என்ற ஏரி உடைந்து வராஸ் நகரத்தில் ஆயிரக்கணக்கில் செத்த பிறகு, அங்கே ஏரி ஏரியாகப் போய் வடிகால் வெட்டுவதையே ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். செலவு பெரிசு, இடம் கஷ்டம், ஆனால் இதில் புது விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை.

மூன்றாவது வகைதான் தலைசுற்ற வைப்பது, நம் பத்திரிகைகள் தப்பாகச் சொன்னதும் இதைத்தான். 2021 பிப்ரவரி 7, உத்தரகாண்டின் சமோலி மாவட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில், மழை கிடையாது, மேலே சொல்லிக்கொள்ளும்படி ஏரியும் கிடையாது. ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் திடீரென்று புழுதியும் சேறும் சுவர் மாதிரி எழும்பி வந்து, ஒரு சின்ன மின் நிலையத்தைத் துடைத்துப் போட்டு, கீழே தபோவனத்தில் கட்டிக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்துக்குள் புகுந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள். "பனிப்பாறை வெடித்தது" என்று அன்றைக்கு எல்லா டிவியிலும் ஓடியது. ஐஸ் வெடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, விழுந்தது முக்கியமாகப் பாறை. ரோண்டி சிகரத்தின் ஒரு முகம், பாறையும் அதன்மேல் ஒட்டியிருந்த பனியாறுமாக 2.7 கோடி கன மீட்டர், ஒரே துண்டாகக் கழன்று 1,800 மீட்டர் விழுந்திருக்கிறது. நம் பொதிகைமலை உச்சி 1,868 மீட்டர். அந்த உச்சியில் இருந்து கடல்மட்டம் வரைக்கும் ஒரு மலைத்துண்டு விழுந்தால் எவ்வளவோ, அவ்வளவு. ஐந்தில் நாலு பங்கு பாறை, ஒரு பங்கு ஐஸ். விழுந்த வேகத்திலும் உரசலிலும் எழுந்த சூட்டில் அந்த ஐஸ் ஏறக்குறைய முழுவதும் உருகிவிட்டது. காய்ந்த பாறைச்சரிவாகத் தொடங்கினது போகப் போகச் சேற்று வெள்ளமாக மாறியது இப்படித்தான். ஐஸ் இல்லாமல் வெறும் பாறை விழுந்திருந்தால் அடிவாரத்திலேயே குவிந்து நின்றிருக்கும், பாறை இல்லாமல் வெறும் ஐஸ் விழுந்திருந்தால் அத்தனை சூடு எழும்பியிருக்காது. இரண்டும் சரியான அளவில் கலந்ததால் வந்த வினை.

அந்த வெள்ளம் முதலில் தொட்ட ஊர் ரைணி. 1974-இல் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய அதே ரைணி.

ஏன் பாறை கழன்றது? ஒரே காரணம் சொல்ல முடியாது, மலையில் விரிசல் பழசாக இருந்திருக்கிறது. ஆனால் பொதுவாக நடப்பது ஒன்று உண்டு. உயரமான மலைகளில் பாறை இடுக்குகளில் இருக்கும் தண்ணீர் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும், அது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்புச் சாந்து மாதிரி. சூடு ஏற ஏற அந்தச் சாந்து இளகுகிறது. தெற்கு லோனாக்கில் சரிந்த கரையும் இப்படி உறைந்து கிடந்த கரைதான். இந்துகுஷ் இமயமலைப் பகுதியின் பனியாறுகள் 2010-க்குப் பிறகான பத்து வருஷத்தில் அதற்கு முந்தைய பத்து வருஷத்தைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காட்மாண்டுவில் இருக்கும் பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2023-இல் சொன்னது. பனி குறைந்தால் பனி ஆபத்தும் குறையும் என்று நினைக்கத் தோன்றும். குறையும், கடைசியில். நடுவில் இருக்கும் காலம்தான் கஷ்டம், குளம் புதுசு புதுசாக உருவாகும், சாந்து இளகும்.

இதையெல்லாம் முன்னாலேயே கண்டுபிடிக்க முடியாதா? முடியும், பார்த்துக்கொண்டே இருந்தால். 2025 மே மாதம் சுவிட்சர்லாந்தில் பிளாட்டன் என்ற கிராமம். மேலே ஒரு சிகரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கீழே இருந்த பனியாற்றின் மேல் பாறைப் பாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. அளந்துகொண்டே இருந்தார்கள், 19-ஆம் தேதி ஏறக்குறைய 300 பேரையும் கிளப்பிவிட்டார்கள், மாடுகள் உட்பட. நடக்க முடியாத ஒரு மாட்டை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். 28-ஆம் தேதி பனியாறு மொத்தமாக இடிந்து விழுந்து ஊரில் பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. இறந்தது ஒருவர். சமோலியையும் பிளாட்டனையும் பக்கத்தில் வைத்து நம்மைத் திட்டிக்கொள்வது நியாயமில்லை, ஆல்ப்ஸ் சின்ன மலை, பணக்கார நாடு, நூறு வருஷத்துக்கு மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள். இமயத்தில் அப்படி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க ஆளும் கிடையாது. ஆனால் எல்லா மலையையும் பார்க்க வேண்டாமே, கீழே அணையும் சுரங்கமும் தொழிலாளர் குடியிருப்பும் எங்கே கட்டுகிறோமோ அதற்கு மேலே இருப்பதைப் பார்த்தால் போதும். ரிஷிகங்காவில் தண்ணீர் வருகிறது என்று மேலே இருந்து ஒரு சைரன் அலறியிருந்தால், சில நிமிஷம் கிடைத்திருந்தால், சுரங்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஓடி வந்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை.

சைரன் என்றதும் குற்றாலம் ஞாபகம் வருகிறது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெள்ளம் வரும் அறிகுறி ஒன்றும் இல்லை, மழை மேலே மலைக்குள். வீடியோவில் பார்த்தால் சில நொடிகளில் அருவி வேறு ஒன்றாக மாறிவிடுகிறது. எங்கள் வீட்டில் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தது: தண்ணி கலங்கினா, சருகும் குச்சியும் வந்தா, அருவிச் சத்தம் மாறினா, கேள்வி கேட்காம மேல ஏறு, செருப்பை எடுக்கத் திரும்பாதே. இமயத்து ஆற்றங்கரைக்கும் இதே பாடம்தான், இன்னும் ஒன்று கூட: ஓடிக்கொண்டிருந்த ஆறு திடீரென்று வற்றினால் சந்தோஷப்படக் கூடாது, மேலே எங்கேயோ சரிந்த மண் அடைத்துக்கொண்டு தேங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஓடும்போது ஆற்றோட்டத்தின் திசையில் ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டைப் பார்த்து ஏற வேண்டும். 2022 ஜூலை 8-ஆம் தேதி அமர்நாத் குகைக்குக் கீழே வெள்ளம் அடித்துக்கொண்டு போன கூடாரங்கள் ஓடைப் படுகைக்குப் பக்கத்தில் போட்டிருந்தவை. அங்கே சமதளம் என்று கிடைப்பது பெரும்பாலும் ஓடை போட்டுவிட்டுப் போன இடம்தான், அதனால் கூடாரம் போட அதுதான் வசதியாகத் தெரியும்.

நம் தாமிரபரணிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பனியாற்றில் பிறக்கவில்லை, மேலே சோலையும் புல்வெளியும் இரண்டு பருவமழையையும் பிடித்து வைத்து விடுகிற தண்ணீர் அது. கங்கை மாதிரி பனியை நம்பி ஓடவில்லை என்பதால் நாம் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது, 1992-லும் 2023-லும் குறுக்குத்துறை முருகன் முங்கினாரே. ஆனால் உயரத்தில் தேங்கி, ஒரு நாள் ஒரே மூச்சில் இறங்குகிற வகை நம் ஆறு இல்லை. நமக்கு அணையில் இருந்து எத்தனை ஆயிரம் கன அடி திறக்கிறார்கள் என்று தண்டோராவோ வாட்ஸப்போ முன்கூட்டி வந்துவிடுகிறது.

அத்தைக்கு நான் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: பனிச்சரிவைப் பற்றி வைகாசியில் பெரிசாகக் கவலை வேண்டாம், மலையேறும்போது மூச்சு வாங்கினால், தலை கிறுகிறுத்தால் வீம்பு பிடிக்காமல் இறங்கிவிடு, ஏனென்றால் அங்கே யாத்ரீகர்களை அதிகமாக வீழ்த்துவது உயரமும் நெஞ்சும்தான், மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் சாமி எங்கேயும் போய்விடாது, கீழேயே தங்கு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பயண ஏற்பாடு செய்யும் பையன் நேற்று வந்து, எல்லா ஊரிலும் ஆறு தெரியும்படி ரூம் போட்டிருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் அலக்நந்தா என்று பெருமையாகச் சொன்னான். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஆத்துல இருந்து எத்தனை படி மேலய்யா?"

அவன் முழித்தான்.